கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா? முதலில் காரணத்தைத் தேடுவோம்



நமதூர்ச் சகோதரி ஒருவர் தம் மகளுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் இல்லாதவர். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு இணையத்தில் பதிவு செய்ய இரண்டே நாள் பாக்கி. வீட்டில் இருப்பது மூத்த மகனுக்குப் பள்ளியில் கிடைத்த பழைய அரசு லேப்டாப். அதில் எந்த இணையதளமும் திறக்கவில்லை. "இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல" என்றே ஒவ்வொரு முறையும் வந்தது. வெளியூர்க் கடை ஒன்றில் காட்டியிருக்கிறார். "போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதிய லேப்டாப் வாங்கக் கடனுதவி கேட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார்.

லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். திரையின் கீழ் மூலையில் தேதி 2009 என்று இருந்தது. அவ்வளவுதான் கோளாறு. தேதியைச் சரிசெய்ததும் தளம் திறந்தது. அந்தப் பிள்ளை எங்கள் மேஜையில் உட்கார்ந்தே பதிவை முடித்தாள், அல்ஹம்துலில்லாஹ். பிறகு உள்ளே இருந்த பொத்தான் அளவுள்ள சிறிய பேட்டரியை மாற்றினோம். செலவு ஐம்பது ரூபாய்க்குள் முடிந்தது.

தேதிக்கும் இணையதளத்துக்கும் என்ன சம்பந்தம்? பாதுகாப்பான ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். நம் கம்ப்யூட்டர் அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கடிகாரம் 2009 என்று காட்டினால், இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளையின் ஆதார் அட்டை போல ஆகிவிடும். கம்ப்யூட்டர் அதை நம்ப மறுக்கும். மின்சாரம் இல்லாதபோதும் அந்தக் கடிகாரத்தை ஓட வைப்பது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியும் பழுதாகி இந்தச் சிறிய பேட்டரியும் தீர்ந்துபோனால், கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும்.

இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் இந்தப் பாடத்தை எழுத நினைத்தோம். கண்ணுக்குத் தெரிவது அறிகுறி. காரணம் வேறெங்கோ இருக்கும். காய்ச்சல் என்று வருபவருக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவது எதற்காகவோ, அதற்காகவே கம்ப்யூட்டருக்கும் காரணம் தேட வேண்டும். காரணம் தெரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், கோளாறும் நிற்கும்.

கம்ப்யூட்டரின் ஆரம்ப காலத்திலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க் 2 என்ற பெரிய கணிப்பொறி தவறாக இயங்கியது. அதை இயக்கியவர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடிப் பார்த்து, ஒரு ரிலேக்குள் சிக்கியிருந்த விட்டில் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டியும் வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அறை முழுவதும் நிறைந்திருந்த இயந்திரத்தை நிறுத்தியது ஒரு சிறு பூச்சிதான்.

நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் பலருக்கும் அது கிடைத்தது. பல குடும்பங்களில் வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுவே. அண்ணன் படித்து முடித்து வேலைக்குப் போய், தங்கை பயன்படுத்தி, இப்போது தம்பியின் கைக்கு வந்திருக்கிறது. இப்படிப் பல ஆண்டு உழைத்த இயந்திரங்களும், பழையதாக வாங்கிய டெஸ்க்டாப்புகளும்தான் நம்மிடம் அதிகம். இவற்றுக்கு வரும் கோளாறுகளை ஐந்து காரணங்களுக்குள் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

ஒன்று: மின்சாரம்

"நேற்று வரைக்கும் நன்றாக ஓடியது, காலையில் ஆன் ஆகவே இல்லை" என்று யாராவது சொன்னால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி கரண்ட் போய் வந்ததா?" என்பதே. கரண்ட் போவதால் வரும் கெடுதலை விட, திரும்பி வரும்போது வரும் கெடுதல் பெரிது. வரும் அந்த நொடியில் மின்னழுத்தம் 230 வோல்ட்டைத் தாண்டிக் குதித்து அடங்கும். அந்த அடியில் அடாப்டரோ, டெஸ்க்டாப்பின் பவர் சப்ளைப் பெட்டியோ பழுதாகும். உள்ளே இருக்கும் போர்டு பல நேரங்களில் தப்பித்திருக்கும். எனவே "ஆன் ஆகவில்லை" என்றால் "போர்டு போய்விட்டது" என்று அர்த்தமில்லை.

முதலில் வேறு பிளக் பாயின்டில் போட்டுப் பாருங்கள். அதே அளவுள்ள வேறு அடாப்டரை இரவல் வாங்கிப் பாருங்கள். வோல்ட் எண் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் எண் பழையதற்குக் குறையக் கூடாது. பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, அடாப்டரையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு அடாப்டரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். இதிலேயே பல லேப்டாப்புகள் எழுந்துவிடும்.

எர்த் இணைப்பை நம்மில் பலர் கவனிப்பதில்லை. உப்பு மண்ணில் எர்த் கம்பியும் பைப்பும் சீக்கிரம் அரித்துப்போகும். டெஸ்க்டாப் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த் பாருங்கள். இது கம்ப்யூட்டரை விட முக்கியமாக, பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது. மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுவோம்.

புயல் காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் நாம் மறக்கவில்லை. ஃபெஞ்சலின்போது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல் எச்சரிக்கை வந்ததும் கம்ப்யூட்டரின் பிளக்கை மட்டுமல்ல, இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். இடி மின்னலின் தாக்கம் அந்தக் கம்பி வழியாகவும் உள்ளே வரும். கரண்ட் திரும்பியதும் ஐந்து நிமிடம் பொறுத்து, விளக்கும் ஃபேனும் சீராக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே செருகுங்கள்.

இரண்டு: சூடும் தூசியும்

அரை மணி நேரம் ஓடியதும் தானாக அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது. இது சூட்டின் அடையாளம். உள்ளே இருக்கும் பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, எரிந்துவிடாமல் இருக்கத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். அது நம்மைக் காப்பாற்றும் ஏற்பாடு. ஆனால் நாம் அதைக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஆன் செய்கிறோம்.

காரணம், காற்று போகும் வழி அடைபட்டிருப்பது. மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்துப் பயன்படுத்தினால் அடியிலுள்ள துளைகள் மூடிக்கொள்ளும். பல ஆண்டுத் தூசி ஃபேனுக்கு முன்னால் பஞ்சு போலப் படிந்திருக்கும். லேப்டாப்பை மேஜையிலோ பலகையிலோ வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டெஸ்க்டாப்பை நீங்களே சுத்தம் செய்வதாக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

மூன்று: உப்பும் ஈரமும்

இது வெளியூர்ப் புத்தகங்களில் அதிகம் காணாத, நம் பகுதிக்கே உரிய காரணம். மரக்காணம் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மழைக்காலத்தில் அடுப்பங்கரை உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதை நம் வீட்டுப் பெண்கள் தினமும் பார்க்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது சாதாரணம்.

கடற்காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் கம்ப்யூட்டருக்குள்ளும் படிகிறது. பகலில் காய்ந்து சும்மா இருக்கும். ஈரம் ஏறியதும் கரைந்து உப்புநீர்ப் படலமாகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். போகக் கூடாத வழியில் மின்சாரம் போகும். செருகிய இடங்களில் பச்சை பூக்கும். கீபோர்டில் சில எழுத்துகள் மட்டும் வேலை செய்யாதது, பென்டிரைவ் செருகினால் ஒரு நாள் எடுப்பதும் மறுநாள் எடுக்காததும், ஆன் செய்ததும் "பீப் பீப்" என்ற சத்தத்தோடு திரை கறுப்பாகவே நிற்பது எல்லாம் பெரும்பாலும் இதன் விளைவே.

பீப் சத்தத்துக்கு அதிகம் காணும் காரணம் ரேம் அட்டையின் தொடர்பு விட்டுப்போவது. மின்சாரத்தையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி செருகினால் பல நேரங்களில் சரியாகிவிடும். பழக்கமில்லாதவர்கள் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரை ஜன்னலோரம் வைக்காதீர்கள். துணியால் மூடி வைப்பது நல்லது, ஆனால் ஓடும்போது அல்ல. "கெட்டுவிடும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு மணி நேரம் ஓட விட்டால் உள்ளே எழும் இளஞ்சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

வெள்ளத்திலோ, தேநீர் கொட்டியோ நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்கவே கூடாது. பெரும்பாலான இயந்திரங்களைக் கெடுப்பது அந்த ஆசைதான். உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். அரிசிக்குள் புதைத்தால் தண்ணீர் வற்றலாம், உப்பு போகாது. திறந்து, கடைக்காரர்கள் ஐ.பி.ஏ. என்று சொல்லும் திரவத்தால் சுத்தம் செய்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

நான்கு: நிறைந்துபோன, தேய்ந்துபோன டிஸ்க்

"மெதுவாக இருக்கிறது" என்பதுதான் எங்களுக்கு வரும் புகார்களிலேயே அதிகம். ரேம் என்பது தையல்காரரின் மேஜை. டிஸ்க் என்பது அவருடைய அலமாரி. மேஜை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு துணிக்கும் எழுந்து அலமாரிக்குப் போய்வர வேண்டும். பழைய லேப்டாப்பில் மேஜையும் சிறிது, அலமாரியும் தூரம். அதில் இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் என்ற இடத்தில் எப்போதும் 100 சதவீதம் என்றிருந்தால் தாமதம் அங்கே. மெமரி நிறைந்திருந்தால் ரேம் போதவில்லை. அதிலேயே ஸ்டார்ட்அப் என்ற பகுதியில், ஆன் செய்ததும் தானாக ஓடும் தேவையற்ற புரோகிராம்களை நிறுத்தலாம். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். இத்தனைக்குப் பிறகும் மெதுவாக இருந்தால், சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். புது லேப்டாப்பின் விலையில் சிறு பங்குதான் செலவு. பல ஆண்டு பழைய இயந்திரமும் வேறு இயந்திரம் போல ஓடும்.

டிஸ்கிலிருந்து "டக், டக்" என்று சத்தம் வந்தால் அது வேறு. சுழலும் தட்டுக்கு மேல் தலைமுடியை விட மிக மெல்லிய இடைவெளியில் ஒரு முனை மிதந்தபடி எழுத்தைப் படிக்கிறது. அது தடுமாறத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அந்தச் சத்தம். அந்த நிமிடமே மற்ற வேலையை நிறுத்திவிட்டு முக்கியமானவற்றை வேறிடத்துக்கு நகலெடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் நாளை படிக்க முடியாமல் போகலாம்.

ஐந்து: அழைக்காமல் வரும் விருந்தாளிகள்

போட்டோ ஸ்டுடியோ, பிரவுசிங் சென்டர் போய்வந்த பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது என்று பிள்ளைகள் அழுதுகொண்டு வருவார்கள். பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது. வைரஸ் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் போலியை வைத்திருக்கும். ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். ஆன்டிவைரஸால் சுத்தம் செய்துவிட்டு, மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியை ஆன் செய்தால் அவை தெரியும்.

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற வைரஸ் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே முடங்கின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போடாமல் இருந்தவர்களே அதிகம் மாட்டினார்கள். இன்று விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. பழைய இயந்திரத்தில் புதிய விண்டோஸ் ஏறாவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் எடை குறைந்த லினக்ஸைப் போட்டுப் படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்தலாம்.

"உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை முழுவதும் வந்தால் அது மோசடி. எந்த நிறுவனமும் அப்படி அழைக்காது. அழைத்து, அவர்கள் சொல்லும் புரோகிராமைப் போட்டால் உங்கள் வங்கிக் கணக்கே அவர்கள் கைக்குப் போய்விடும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது.

கடைக்குப் போகும்போது

எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, திரையில் என்ன வாசகம் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். திரையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் பழுது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். "ஃபார்மேட் பண்ணலாமா?" என்று கேட்டால், உள்ளே இருப்பதை நகலெடுத்த பிறகு என்று சொல்லுங்கள். குடும்பப் புகைப்படங்கள் உள்ள இயந்திரத்தைக் கொடுக்கும்போது, முடிந்தால் டிஸ்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். நம் பெண்பிள்ளைகளின் படங்கள் அந்நியர் கையில் கிடக்கக் கூடாது.

கடையில் பழுதுபார்த்தாலும் திரும்ப வாராதது ஒன்று உண்டு. மறைந்துபோன தந்தையின் ஒரே புகைப்படம், மகளின் மதிப்பெண் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல் ஆகியவை டிஸ்கோடு போனால் போனதுதான். எனவே முக்கியமானவை மூன்று இடங்களில் இருக்கட்டும்: கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்கில் அல்லது பென்டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று. 2015 முதல் மத்திய அரசு நடத்தும் டிஜிலாக்கரில் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சேமிக்கலாம். கட்டணம் இல்லை.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் மூன்று காரியம் செய்வோம். கம்ப்யூட்டரின் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். அடியில் கை வைத்து, சூடான காற்று தடையின்றி வெளியே வருகிறதா என்று பார்ப்போம். பிள்ளைகளின் சான்றிதழ்களை இன்னோர் இடத்தில் நகலெடுத்து வைப்போம். இந்த மூன்றும் அரை மணி நேர வேலை.

வீண் விரயம் கூடாது என்று சிறு வயதிலிருந்தே படித்து வந்தவர்கள் நாம். பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில் போடுவதற்கு முன்னும், புதியது வாங்கக் கடன் கேட்பதற்கு முன்னும், அதை டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு முறை எடுத்து வாருங்கள். நமதூர் வாலிபர்களோடு சேர்ந்து காரணத்தைத் தேடிப் பார்ப்போம். உங்களுக்குத் தேவையில்லாத பழைய இயந்திரம் இருந்தால் அதையும் கொடுங்கள். சரிசெய்து, இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சேர்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

அன்று எங்கள் மேஜையில் உட்கார்ந்து பதிவு செய்த அந்தப் பிள்ளைக்குக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. இப்போதும் அதே லேப்டாப்பில்தான் படிக்கிறாள். அவளுக்காகவும் நம் பிள்ளைகள் எல்லோருக்காகவும் துஆச் செய்வோம்.